ஆத்தாளின் சிவப்புப் புள்ளி

ஆத்தாளுக்குப் பேச்சு நின்றுபோன பிறகு நான்கு வருடம் அவள் ஒரு லேசர் லைட்டால்தான் பேசினாள். விரல் நீளத்தில், பித்தளை உடம்போடு, திருவிழாக் கடைகளில் சாவிக்கொத்துகளுக்கு நடுவே தொங்குமே, அந்தச் சாமான். வாங்கியது நான்தான், ஆனால் அவளுக்காக வாங்கவில்லை. வீரபாண்டித் திருவிழாவில் ஆசைக்கு வாங்கி, கூட்டாளிகளோடு தியேட்டருக்குப் போய், திரையில் கதாநாயகியின் மூக்கில் சிவப்புப் புள்ளி வைத்து விளையாடினேன். டிக்கெட் கிழிக்கிறவர் பிடரியில் ஒன்று வைத்தார். அதோடு அது மேசை டிராயருக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

என்னைப் பெற்ற ஆத்தா, திராட்சைத் தோட்டங்களில் பழம் வெட்டப் போகும் பெண்களுக்குத் தலைவியாக இருந்தவள். பந்தலின் இந்தக் கோடியிலிருந்து அவள் ஒரு சத்தம் கொடுத்தால் அந்தக் கோடியில் கத்திரிக்கோல்கள் நிற்கும். அப்படிப்பட்டவள் ஒருநாள் பந்தலுக்கு அடியில் உட்கார்ந்தாள், எழவில்லை. மூளைக்குப் போகிற ரத்தக்குழாயில் அடைப்பு என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கை, கால், பேச்சு மூன்றும் போயின. கண்ணும் காதும் நினைவும் முன்னைவிடக் கூர்மையாக இருந்தன. மாதங்கள் போகப்போகக் கழுத்து மட்டும் கொஞ்சம் திரும்பியது. இமையை ஒரு தடவை மூடினால் ஆமாம், இரண்டு தடவை மூடினால் இல்லை என்று ஆஸ்பத்திரியில் பழக்கி அனுப்பியிருந்தார்கள். அவ்வளவு வாய் பேசியவளுக்குக் கடைசியில் மிஞ்சியது இரண்டே வார்த்தைகள்.

எனக்கு உத்தமபாளையத்தில் மோட்டார் காயில் கட்டுகிற கடை. சுற்றுவட்டாரத்தில் கிணற்று மோட்டார் எரிந்தால் என்னிடம்தான் தூக்கி வருவார்கள். கை சும்மா இருக்காத ஜாதி நான். அப்பாவின் பழைய மூக்குக்கண்ணாடியில் கண்ணாடி வில்லைகளைக் கழற்றிவிட்டு, காதுப்பக்கக் கம்பியில் லேசரைக் கட்டினேன். அதற்குள்ளே போடுகிற பொத்தான் பேட்டரி அரைநாள்கூடத் தாங்காது என்பதால், மூன்று பென்சில் பேட்டரியை ஒரு டப்பாவில் வைத்து வயர் இழுத்தேன். விரலால் அமுக்கிக்கொண்டே இருந்தால்தான் லைட் எரியும், ஆத்தாளுக்கு ஏது விரல்? சைக்கிள் டியூப்பில் ஒரு வளையம் வெட்டிப் பொத்தான் மேல் மாட்டினேன். காலையில் என் தங்கை வளையத்தைப் பொத்தான் மேல் தள்ளிவிடுவாள், படுக்கும்போது நகர்த்திவிடுவாள். எங்கள் வீட்டில் அதுதான் சுவிட்சு.

கட்டிலுக்கு எதிர்ச்சுவரில், போர்டு எழுதுகிறவர் ஒருவரைக் கூட்டிவந்து உயிரெழுத்துகளை மேலேயும் மெய்யெழுத்துகளைக் கீழேயும் எழுத வைத்தேன். ஆத்தா எட்டாவது வரை படித்தவள். மெய்யைத் தொட்டு உயிரைத் தொட்டால் எழுத்து வந்துவிடும். அடிவரிசையில் முழு வார்த்தைகளாகவே சில: தண்ணி, வலி, புரட்டு, டிவி. கண்ணாடியை மாட்டியதும் புள்ளி சுவரில் ஆட்டுக்குட்டி மாதிரித் துள்ளியது. பத்து நாளில் அடங்கியது. அவள் சொன்ன முதல் முழு வாக்கியத்தை நான் ஒரு அட்டையில் எழுதிக் கூட்டிப் படித்தேன்: "காப்பில சீனி பத்தல."

ஆறு மாதமாகப் பத்தவில்லையாம். காப்பி வேணுமா என்று தினமும் இரண்டு வேளை கேட்டிருக்கிறோம், ஆமாம் என்று இமையை மூடியிருக்கிறாள். சீனி போதுமா என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நான் சிரித்தேன். தங்கை அடுப்படிக்குப் போய் அழுதாள்.

அந்த வாரமே அடிவரிசையில் இன்னொரு வார்த்தை சேர்க்க வேண்டி வந்தது. "போ." நான் ஏதாவது தொணதொணத்தால் ப்-ஓ, ப்-ஓ என்று திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தாள். கழுத்து வலிக்குமே என்று நானே பெயிண்ட் எடுத்து எழுதிவைத்தேன். அதற்குப் பிறகு நாளுக்கு நாலு தடவை அந்த வார்த்தையில் புள்ளி நிற்கும். யாரையாவது கூப்பிட வேண்டுமானால் அவர்கள் நெஞ்சில் புள்ளியை வைப்பாள். கண்ணில் பட்டுவிடக் கூடாது என்பதால் அவளுக்கு எதிரே வருகிற எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டுதான் வர வேண்டும். பார்க்க வந்த சொந்தக்காரர்கள், இந்தக் காலத்தில் இப்படிப் பெற்றவளுக்கு மரியாதை கொடுக்கிற பிள்ளைகளா என்று வாயைப் பிளந்தார்கள்.

பிள்ளைகள் என்றால் நானும் தங்கையும்தான். அப்பா முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். நான் கடைக்குப் போய்விடுவேன். ஆத்தாளைக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, முதுகு புண்ணாகாமல் இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் போடுவது எல்லாம் தங்கைதான். ஒரு கம்பெனியில் கணக்கு எழுதப் போய்க்கொண்டிருந்தவள், அந்த வேலையை விட்டுவிட்டு வந்தாள். விடு என்று யாரும் சொல்லவில்லை. விட வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை.

நான் சொல்ல வந்தது நான்காவது வருடத்து ஆயுத பூஜையைப் பற்றி. கடையில் பூஜையை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். வீட்டிலும் அரிவாள்மனை, மிக்ஸி, டிவி, தங்கையின் தையல் மெஷின் என்று ஒன்று விடாமல் சந்தனம் குங்குமம் வைத்தேன். அப்போதுதான் தோன்றியது, இந்த வீட்டிலேயே பெரிய ஆயுதம் எது? ஆத்தாளின் கண்ணாடியைக் கழற்றினேன். டியூப் வளையத்தை நகர்த்தினால் பொத்தான், பொட்டு வைப்பதற்கென்றே செய்த மாதிரி உருண்டையாக இருந்தது. சந்தனத்தைக் குழைத்துத் தாராளமாக அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்து, சூடம் காட்டினேன். ஆத்தா கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பூஜை முடிந்ததும் வளையத்தைப் பொத்தான் மேல் தள்ளி மாட்டிவிட்டேன், எரிந்தது. தங்கை ஈரத் துணியால் வெளியே துடைத்தாள். படுக்கிற நேரத்துக்கு வழக்கம்போல வளையத்தை நகர்த்தினாள்.

மறுநாள் காலையில் எரியவில்லை.

அன்று விஜயதசமி, புதன்கிழமை. நல்ல நாள் என்று தங்கையைப் பெண் பார்க்கப் பெரியகுளத்திலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. மாப்பிள்ளை மாங்கன்று நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறார். எங்கள் தாய்மாமன் கொண்டுவந்த சம்பந்தம். பேட்டரியை மாற்றிப் பார்த்தேன், வயரை ஆட்டிப் பார்த்தேன், அதற்குள் வாசலில் வேன் வந்துவிட்டது. தங்கை காப்பி கொடுத்துவிட்டு உள் கதவோரம் நின்றாள். வந்தவர்களில் பெரியவர் ஆத்தாளுக்குக் கும்பிடு போட்டார். ஆத்தா இமையை மூடித் திறந்தாள். அவர் மாப்பிள்ளைப் பையனைக் கேட்டார், பையன் சரி என்றான். மாமா என்னைக் கேட்டார், கலந்து சொல்கிறோம் என்றேன்.

வேன் போனதும் மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மருமகனே, அவுகளுக்குப் பிடிச்சிருச்சு. வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லச் சொல்லிட்டுப் போனாக. அதுக்கு மேல இன்னொரு எடத்தப் பாக்கப் போயிருவாக. அக்காகிட்ட கேட்டு எனக்கு ஒரு போன் போடு."

ஆத்தாளிடம் கேட்டேன். "ஆத்தா, இந்தச் சம்பந்தம் உனக்குச் சம்மதமா?" இமை இரண்டு தடவை மூடியது. இல்லை. "மாப்பிள்ளையப் பிடிக்கலையா?" இல்லை. "பெரியகுளம் தூரம்னு பாக்குறியா?" இல்லை. "ஒன்னய விட்டுட்டுப் போயிருவாளேன்னு இருக்கா?" இல்லை, இல்லை. எல்லாவற்றுக்கும் இரண்டு தடவை. கண்ணோரம் நனைந்திருந்தது. நடுநடுவே கண்ணைத் திருப்பிச் சாமி படத்துப் பக்கம் பார்த்தாள். விபூதி கேட்கிறாள் என்று நினைத்து எடுத்து நெற்றி நிறையப் பூசிவிட்டேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். பக்தி என்று நினைத்தேன்.

ஒரு குச்சியை எடுத்துச் சுவரில் எழுத்து எழுத்தாகத் தொட்டுக்கொண்டு வந்தேன். "எது வேணுமோ அதுல கண்ண மூடு." முதல் எழுத்திலேயே மூடினாள். அ. என் பொறுமைக்கு அந்த ஒரு எழுத்து போதும். "அப்பாவா? அப்பா இருந்தா என்ன சொல்லுவாருன்னு நெனைக்கிறியா? அத்தை வீட்டுச் சம்பந்தத்தையே பாக்கலாம்ங்கிறியா? அவசரப்படாதீங்கன்னா?" ஆத்தா கண்ணை மூடினாள், திறக்கவே இல்லை. குச்சியைத் தூக்கி மூலையில் எறிந்தேன். தங்கை அதை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, ஆத்தாளைப் புரட்டிப் போட்டாள்.

ஒன்றை இப்போது சொல்லிவிட வேண்டும். ஆத்தா இல்லை என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. தங்கை போய்விட்டால் இந்தக் கட்டிலருகே யார் என்ற பயம் வேன் வந்த நிமிடத்திலிருந்தே எனக்குள் இருந்தது. ஆத்தாளே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அதில் என் பாவம் ஏதும் இல்லை. தங்கைக்கு நல்லது நினைக்கிற அண்ணன் என்ற பெயரும் எனக்கே இருக்கும்.

வியாழக்கிழமை கடைக்கு லேசரைக் கொண்டுபோனேன். மல்டிமீட்டரை வைத்தேன். பேட்டரி டப்பாவில் நாலரை வோல்ட் சரியாக இருந்தது. வயரில் அறுப்பு இல்லை. டப்பாவின் ஸ்பிரிங்கைச் சுரண்டினேன், இழுத்துவிட்டேன். பொத்தானை அமுக்கினால் டிக் என்று சத்தம் வந்தது, சத்தம் வந்ததால் அது நன்றாக இருக்கிறது என்று விட்டுவிட்டேன். யாராவது மோட்டாரைத் தூக்கி வந்தால் முதலில் சுவிட்சைப் பாரும் என்று சொல்கிறவன் நான். பித்தளைக் குழாயைப் பிரித்தால் உள்ளே இருக்கிற நகக்கண் அளவுத் தகடு நொறுங்கிவிடும் என்று எனக்கு நானே ஒரு சாக்கும் சொல்லிக்கொண்டேன். உள்ளே வெளிச்சம் தருகிற பொருளே செத்துவிட்டது என்று முடிவு கட்டினேன். சாயங்காலம் வீட்டில் வந்து, "உசுரு போயிருச்சு, இனி புதுசுதான்" என்றேன்.

தங்கை கேட்டாள்: "புதுசு எங்கனண்ணே கெடைக்கும்?"

வரும் வழியில் தேனியில் இரண்டு கடைகளுக்குப் போன் போட்டுக் கேட்டிருந்தேன். "அதெல்லாம் இப்ப எடுக்கிறதில்லண்ணே, பயலுக தியேட்டர்ல கொண்டுபோய் அடிச்சு ரகளை பண்றானுக" என்று ஒரு கடைக்காரர் சொன்னார். எனக்குப் பிடரி கூசியது. மதுரையில் கிடைக்கும். விடியக் கிளம்பினால் மதியத்துக்குள் வாங்கி வந்துவிடலாம். "மதுரையிலதான். அடுத்த வாரம் பாக்கலாம்" என்றேன்.  ஆத்தா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரில் புள்ளி இருந்திருந்தால் அது "போ"வில்தான் நின்றிருக்கும்.

வெள்ளிக்கிழமை மதியம் கடையில் வேலை ஓடவில்லை. மாமாவுக்கு என்ன வார்த்தையில் சொல்வது என்று யோசித்துக்கொண்டே, செத்த பிணம்தானே என்ற தைரியத்தில் லேசரை எடுத்து, பித்தளைக் குழாயை வைஸ் இடுக்கியில் மெதுவாகப் பிடித்துத் தகட்டை வெளியே இழுத்தேன். நொறுங்கவில்லை. பேட்டரி வயரையாவது கழற்றி வைத்துக்கொள்வோம் என்று சால்டரிங் அயர்னைச் சூடாக்கிப் பொத்தான் பக்கத்தில் வைத்தேன். ஈயம் உருகும்போது வருகிற வாசம் எனக்கு என் சட்டை வாசம் மாதிரி. அது வரவில்லை. கடை முழுக்கச் சந்தன வாசம் வந்தது.

முதலில் பூஜையன்று கொளுத்திய பத்தியோ என்று சுற்றிப் பார்த்தேன். இரும்பை மறுபடி வைத்தேன், மறுபடி சந்தனம். கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். பொத்தானைச் சுற்றி, அது இறங்குகிற இடுக்கு முழுக்க, மஞ்சளாகக் காய்ந்த பொருக்கு. பூஜையன்று ஈரமாக இருந்தபோது வளையம் அமுக்கியே பிடித்திருந்ததால் எரிந்திருக்கிறது. ராத்திரி வளையத்தை நகர்த்தியதும் பொத்தான் மேலே எழும்ப, குழைந்த சந்தனம் இடுக்குக்குள் இறங்கி, விடிவதற்குள் கல்லாகிவிட்டது. பொத்தான் டிக் என்று இறங்குகிறது, ஆனால் அடியில் தகட்டைத் தொடவில்லை. ஆத்தாளின் வாயை அடைத்தது என் கைதான். அதை நேரில் பார்த்த ஒரே சாட்சிக்கோ அதைச் சொல்ல வாய் இல்லை. சாமி படத்தை அவள் ஏன் பார்த்தாள் என்பது அப்போதுதான் விளங்கியது. அதற்கும் நான் விபூதி பூசியிருக்கிறேன்.

தலையில் அடித்துக்கொண்டேன். பழைய டூத் பிரஷ்ஷில் பெட்ரோல் தொட்டுத் தேய்த்தேன், ஊசியால் இடுக்கைக் கிளறினேன், தொடுகிற இடத்தை ஜீரோ நம்பர் எமரித்தாளால் ஒரு இழுப்பு இழுத்தேன். வயரைச் சேர்த்து அமுக்கினேன். எதிர்ச்சுவரில், மாட்டியிருந்த காலண்டருக்குக் கீழே, சிவப்பாக ஒரு புள்ளி வந்து நின்றது.

கைகள் சும்மாவாகிவிட்டன. மணி மூன்றரை. மாமாவுக்கு ஒரு போன் போட்டு, அக்காளுக்குச் சம்மதமில்லை என்று சொல்லிவிட்டு, லேசரை நாளைக்குக் காலையில் வீட்டுக்குக் கொண்டுபோனால் போதும். ஒருத்தரும் என்னைக் குறை சொல்ல முடியாது. ஆத்தா இமையால் இல்லை என்று சொன்னதைத் தங்கையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். டீக்கடையிலிருந்து ஒரு டீ வரவழைத்தேன். சீனி போடாமல் கொண்டுவந்துவிட்டார் டீக்காரர். ஒரு வாய் குடித்ததும் ஆத்தாளின் ஆறு மாதக் காப்பி ஞாபகம் வந்தது, அப்படியே வைத்தேன். பித்தளைக் குழாயை மூடி, கடைக்கு ஷட்டரை இறக்கிவிட்டு, வண்டியை எடுத்தேன்.

வீட்டில் தங்கை ஆத்தாளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் கண்ணாடியை மாட்டிவிட்டு வளையத்தைத் தள்ளினேன். சுவரில் புள்ளி விழுந்ததும் தங்கை, "ஐயோ, எரியுதுண்ணே" என்று கிண்ணத்தைக் கீழே வைத்தாள். வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டு நான் கட்டிலுக்கு எதிரே போய் நின்றேன். என்னைத் திட்டப் போகிறாள், சந்தனக் கதை முழுக்கச் சுவரில் வரப் போகிறது, வாங்கிக்கட்டிக்கொள்வோம் என்று இருந்தேன்.

புள்ளி சுவருக்குப் போகவில்லை. தங்கையின் நெஞ்சில் போய் நின்றது. ஆத்தா கூப்பிடுகிறாளாக்கும் என்று அவள் பக்கத்தில் வந்து, "என்னாத்தா?" என்றாள். புள்ளி அவளை விட்டு எழுத்துகளுக்கு ஏறியது. மூன்று நாள் பழக்கம் விட்டதில் தலை நடுங்கியது. ஒவ்வொரு எழுத்துக்கும் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாள் என்று எனக்குத் தெரியாது.  எழுதிக்கொண்டு மட்டும் இருந்தேன். பாதியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, ஆனாலும் கடைசி எழுத்து வரை எழுதினேன்.

"அவளக் கேட்டியா."

கேட்கவில்லை. மாமா என்னைக் கேட்டார், நான் ஆத்தாளைக் கேட்டேன், பேச முடியாதவளைப் போட்டு மூன்று நாள் உலுக்கி உலுக்கிக் கேட்டேன். பேசத் தெரிந்தவள், நல்ல வாயோடு, இரண்டடி தள்ளிக் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். ஆத்தா இல்லை இல்லை என்று சொன்னது சம்பந்தத்தை அல்ல. என் கேள்வியைத்தான் வேண்டாம் என்றிருக்கிறாள். அதைச் சொல்ல இமையில் வழி இல்லை. எனக்கு அவமானமாக இருந்தது, அதைவிட ஆத்தாளின் மேல் பெருமையாக இருந்தது.

தங்கையைப் பார்த்தேன். "ஒனக்கு எப்பிடித்தா?"

அவள் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்து, மறுபடி அதே இடத்தில் வைத்தாள். "மூணு நாளா இங்கனதான் நிக்கிறேன், ஒரு வார்த்தை கேக்கலியே நீ" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அப்புறம் குனிந்துகொண்டு, "எனக்குப் பிடிச்சிருக்குண்ணே. ஆத்தாள நெனச்சாத்தான்..." என்று நிறுத்திவிட்டாள்.

புள்ளி கடகடவென்று சுவரின் அடிவரிசைக்கு இறங்கியது. தண்ணியைத் தாண்டி, வலியைத் தாண்டி, நான் எழுதிவைத்த "போ"வில் போய் நின்றது. நான்கு வருடமாக எனக்கென்றே இருந்த வார்த்தை. அங்கிருந்து மெதுவாகக் கிளம்பித் தங்கையின் நெஞ்சுக்கு வந்தது. மறுபடி "போ"வுக்குப் போனது. மறுபடி அவளிடம் வந்தது. தங்கை கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அழுதாள். நான் மாமாவுக்குப் போன் போட்டேன். "சம்மதம் மாமா" என்றேன். "அக்கா சொல்லிட்டாகளா?" என்றார். "இல்ல மாமா, தங்கச்சி சொல்லிருச்சு" என்றேன்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் புள்ளி என் சட்டைப் பைக்கு மேலே நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் போனேன். புள்ளி சுவருக்குப் போய் "புரட்டு" என்ற வார்த்தையைத் தொட்டுவிட்டு, திரும்ப என்னிடம் வந்தது. தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு வேகமாக எழுந்தாள், அது அவள் வேலை. புள்ளி அசையவே இல்லை, என் மேலேயே நின்றது.

நான்கு வருடத்தில் ஆத்தாளை நான் ஒரு தடவைகூடப் புரட்டிப் போட்டதில்லை. பேட்டரி மாற்றியிருக்கிறேன், வயர் மாற்றியிருக்கிறேன், டியூப் வளையம் எத்தனையோ வெட்டியிருக்கிறேன்.

"நீ இருத்தா" என்று தங்கையிடம் சொன்னேன். "எங்கன கை வைக்கணும்னு மட்டும் சொல்லு."

"ஒரு கைய தோளுக்கு அடியில குடு. இன்னொண்ணு இடுப்புக்கு. இழுக்காதண்ணே, ஒம்பக்கமா மெதுவா உருட்டு."

ஆத்தா இவ்வளவு லேசாக ஆகிப்போயிருந்தது எனக்கு அதுவரை தெரியாது.